கைப்பையில் இருந்தவை

பிரெஷோவ் மருத்துவமனை, இரண்டாம் தளம், பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே நகராட்சி லாரி
சாலைப் பனிமேல் உப்பு தூவிப் போகிறது.
உள்ளே ஷார்லோத்தா புல்கோவா, முப்பத்தொரு வயது,
டிராலிபஸ் டிப்போவில் இரவெல்லாம் இருக்கை துடைப்பவள்,
விரல்கள் கொக்கின் அலகாய்க் குவிந்து இறுகிப்போய்
வாளியோடு விழுந்து கிடந்தவள்.

பொட்டாசியம் இரண்டு புள்ளி இரண்டு.
மக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.
ரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு ஐம்பத்தெட்டு.
ஒரே வருடத்தில் மூன்றாம் முறை.

"மாத்திரை போடுகிறாள்," என்றார் டாக்டர் லுபோமிர்,
குரலைத் தாழ்த்தாமலே.
"நீர் பிரிகிற மாத்திரை. மெலிவதற்காக, திருட்டுத்தனமாக.
அந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள்..."
வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.
நாங்கள் எல்லாருமே
அதை முடிக்கப் பழகியவர்கள்.

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்
என்று நினைத்துக்கொண்டேன்.
அவள் ஸ்கேனுக்குப் போயிருந்த இருபது நிமிடத்தில்
கைப்பையைத் திறந்தேன்.

நான்தான். யாரும் சொல்லி அல்ல.

வெள்ளரித் துண்டுகள் தீர்ந்த பின்னும் கொட்டாமல் வைத்த
ஊறுகாய்த் தண்ணீர், அரை ஜாடி.
செய்தித்தாளில் மடித்த கல்லுப்பு.
ஒரு சிறுவனின் ஒற்றைக் கையுறை.
டிப்போ சாவி.
மாத்திரை இல்லை. அடித்தையல் வரை தடவிப் பார்த்தேன்.

மாத்திரை என் கோட்டுப் பையில் இருந்தது.
என்னுடையது. தயாசைடு,
நான்கு வருடமாகக் காலைக் காபிக்கு முன் ஒன்று.
அது இல்லாவிட்டால் எனக்கு நூற்றெழுபது, சில நாள் அதற்கும் மேல்.

பத்து வாரம் கழித்துப் பிராகிலிருந்து அறிக்கை வந்தது.
பதினாறாம் குரோமோசோமில் ஒரு மரபணு.
சிறுநீரகத்தில், நீர் ஏறக்குறைய சிறுநீராகிவிட்ட இடத்தில்,
தப்பிப்போகும் உப்பைக் கடைசி நேரத்தில்
கையைப் பிடித்து உள்ளே இழுக்க ஒரு வாசல் வேண்டும்.
அதை எப்படிக் கட்டுவது என்று இதில்தான் எழுதியிருக்கும்.
அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
உப்புப் பெறாத ஓர் எழுத்து.
அப்பா தந்த பிரதியிலும், அம்மா தந்த பிரதியிலும்
அதே வரி, அதே பிழை.
வாசல் என்று ஒன்று நிற்கிறது, உப்புக்குச் சப்பாணியாய்.
அதைக் கடந்து உப்பு போகிறது,
போகும் வழியில் பொட்டாசியத்தையும் கூட்டிக்கொண்டு
முப்பத்தொரு வருடமாக.

"பார்த்தாயா, மாத்திரை போட்ட மாதிரியேதான்.
தயாசைடும் இதே வாசலைத்தான் அடைக்கிறது,"
என்றார் டாக்டர், தான் பாதி சரி என்பதைப்போல.

காசு கொடுத்து நான் தினமும் அடைக்கிறேன்.
அவள் அடைத்துக்கொண்டே பிறந்திருக்கிறாள்.

ஏப்ரலில் அறிக்கையை வாங்க வந்தாள்.
இனிமேல் உப்பு ஆசைப்பட்ட அளவு தின்னலாம்
என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், முத்திரையோடு.
"பள்ளிக்கூடத்தில் உப்பு நக்கியதற்கு மண்டிபோட வைத்தார்கள்,"
என்றாள். "அவர்களுக்கு இதன் ஒரு நகல் அனுப்ப முடியுமா?"

நான் உருளைக்கிழங்கு சூப்போடு உட்கார்ந்திருந்தேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள், சூப்பைப் பார்த்தாள்,
கைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.
"லோன்." அவர்கள் மொழியில் உப்பு.
எனக்கு ஆகாது என்றேன். அழுத்தம். மாத்திரையில் இருக்கிறேன்.
"எந்த மாத்திரை?"

காட்டியிருக்க வேண்டாம். காட்டினேன்.
அட்டையைத் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தாள்,
பிறகு தன் அறிக்கையின் மூன்றாம் பத்தியை,
பிறகு மறுபடி அட்டையை.
அவசரமே இல்லை அவளுக்கு.

"நான் உப்பை நாலாக மடிப்பேன்," என்றாள்.
"பிப்ரவரியில் அது மூன்றாக மடிந்திருந்தது."

சூப் ஆறிக்கொண்டிருந்தது.
அட்டையை மேசைமேல், சூப்புக்கு அருகில் வைத்தாள்.
பொட்டலத்தைப் பிரித்து ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டு
மீண்டும் மடித்தாள்,
நான் பார்க்கும்படி, நிதானமாக,
நாலாக.